சமத்துவ உரிமை மறுக்கப்பட்ட பெண்ணுக்காக வழக்குக்கு ஆயத்தம் செய்வது எப்படி: மலையகத்துக்கான வழிகாட்டி

இலங்கை அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமத்துவத்தை உறுதி செய்கிறது என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் பெண்கள் தினக் கூட்டங்களில் சொல்லப்படுகிறது. அந்த உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் முறையிடுவதற்கு 126 ஆம் உறுப்புரை ஒரு மாத காலத்தை மட்டுமே தருகிறது என்பதோ அதே மேடைகளில் அரிதாகத்தான் சொல்லப்படுகிறது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வாழும் பெண்ணொருவருக்கு வந்த கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்பப்பட்டு, அவரிடம் வந்து சேருவதற்குள்ளேயே அந்த மாதத்தில் பாதி போய்விடக்கூடும். எனவே சட்டத்தரணியிடம் போவதற்கு முன்பே தோட்டத்திலிருந்து செய்ய வேண்டியவற்றைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன். மாதர் சங்கத் தலைவிகள், ஆசிரியைகள், தொழிற்சங்கத்தில் பெண்கள் பிரிவில் வேலை செய்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

முதலில் உறுப்புரையின் சொற்களைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 12(1) சட்டத்தின் முன் எல்லா ஆட்களும் சமம் என்றும், சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு உரித்துடையவர்கள் என்றும் கூறுகிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. மலையகப் பெண்ணொருவர் பெண் என்பதாலும் தமிழர் என்பதாலும் ஒரே நேரத்தில் ஒதுக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் இரண்டு காரணங்களையும் சேர்த்தே எழுத வேண்டும். 12(4) பெண்களின் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடுகளைச் செய்ய இடமளிக்கிறது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் ஒதுக்கிய 2016 ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வாறான ஓர் ஏற்பாடு. ஆகையால் ‘பெண்களுக்கு மட்டும் சலுகையா’ என்று கேட்பவருக்குப் பதில் அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

அடுத்ததாக, மீறியவர் யார் என்று கேட்க வேண்டும். எனது அனுபவத்தில் பெரும்பாலான முறைப்பாடுகள் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். அடிப்படை உரிமை மனு ‘ஆட்சித்துறை அல்லது நிர்வாகச் செயல்’ ஒன்றுக்கு எதிராகத்தான் நிற்கும். பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், அரச பாடசாலை, திணைக்களம் ஆகியவற்றின் செயல்கள் அதற்குள் அடங்கும். 1992 இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்ட பின்னர், பெரும்பாலான தோட்டங்களில் துரை (தோட்ட முகாமையாளர்) எடுக்கும் முடிவு தனியார் நிறுவனமொன்றின் முடிவாகிவிட்டது. ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை போன்ற அரச நிறுவனங்களின் கீழுள்ள தோட்டங்களின் நிலை வேறு. கம்பெனித் தோட்டத்தில் அநீதி நடந்தால் முதலில் தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அந்த முறைப்பாட்டை அதிகாரி காரணமின்றிக் கிடப்பில் போட்டால், அல்லது ஆண் தொழிலாளியின் முறைப்பாட்டை விசாரித்துவிட்டுப் பெண்ணின் முறைப்பாட்டைத் தட்டிக் கழித்தால், அவரது செயலின்மையையே அரசின் செயலாகக் காட்டி வாதிட இடமுண்டு. 1984 இல் தோட்டத்தில் ஆண், பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. ஆயினும் ஆண்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பிய பின்பும் பெண்கள் மாலை வரை கொழுந்து பறித்துத்தான் அதே பேரை (ஒரு நாள் சம்பளத்துக்கான வரவுப் பதிவை) பெறுகிறார்கள் என்ற நிலை பல தோட்டங்களில் இருக்கிறது. சம்பளப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. வேலை நேரத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஏழு பேர்ச் காணியுடன் வீடு வழங்கும் திட்டமொன்றில், கணவரை இழந்த பெண்ணொருவரின் விண்ணப்பம், குடும்பத் தலைவர் ஆணாக இருக்க வேண்டும் என்று கூறி அரச அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. வாய்வழியாகத்தான் சொல்கிறார்கள். அவர் அன்றைக்கே செய்ய வேண்டியது, சொன்னவரின் பதவி, திகதி, நேரம், சொன்ன வார்த்தைகள், உடன் இருந்தவர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவதாகும். மறுநாளே ‘இன்ன திகதியில் இன்ன காரணம் கூறி என் விண்ணப்பம் மறுக்கப்பட்டது, இதனை எழுத்தில் உறுதிப்படுத்தவும்’ என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் பதில் பெறும் உரிமையை 22 ஆம் உறுப்புரை தருகிறது. பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், வாசித்து விளக்காமல் கையொப்பமிடச் சொன்னால் மறுக்க வேண்டும். பதில் கடிதம் வந்தால் அதன் உறையை எறிந்துவிடக் கூடாது. தபால் முத்திரையிலுள்ள திகதியும் அது கைக்கு வந்த திகதியும் வேறுபடுமானால், ஒரு மாதக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்ற வாதத்துக்கு அந்த உறையே சான்றாகும்.

சமத்துவ வழக்குக்கு ஒப்பீடு அவசியம். அதே திட்டத்தில், அதே தகுதிகளுடன் இருந்த ஆண் ஒருவருக்கு வீடு கிடைத்ததைக் காட்ட முடிந்தால் வழக்கு பாதி வென்றதற்குச் சமம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பயனாளிகள் தெரிவுக்குரிய அளவுகோல்களைக் கேட்கலாம். ஆனால் தகவல் அலுவலருக்கு முடிவெடுக்க 14 வேலை நாட்கள் உண்டு. ஆகவே அந்த விண்ணப்பத்தை முதற்கடிதத்துடன் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். பதில் வந்த பின் வழக்கைப் பற்றி யோசிப்போம் என்று காத்திருந்தவர்கள் காலம் கடந்துதான் உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மேலதிகாரிக்கு மேன்முறையீடு செய்வதும், அமைச்சருக்கு மனுக் கொடுப்பதும், சங்கத் தலைவர் பேசி முடித்துத் தருவார் என்று இருப்பதும் அந்த ஒரு மாதத்தை நிறுத்தி வைக்காது. நிறுத்தி வைக்கச் சட்டம் தரும் முக்கியமான வழி இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதம் கையில் இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வற்புறுத்தியிருக்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் கண்டியிலும் பதுளையிலும் உள்ளன. தொலைபேசி இலக்கம் 1996.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மனுவில் பாதிக்கப்பட்ட பெண்ணோ அவர் சார்பில் சட்டத்தரணியோ மனுதாரராக இருக்க வேண்டும் என்று 126(2) கூறுவதால், மாதர் சங்கம் தன் பெயரில் வழக்குப் போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, அவருடைய சத்தியக் கடதாசியை (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலத்தை) தயாரிப்பதில் உதவுவது நல்லது. அதை அவருடைய சொற்களில், அவருக்கு விளங்கும் மொழியில் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் தவணையில் நீதிமன்றம் மனுவை விசாரணைக்கு ஏற்க அனுமதி தருவதா என்பதை மட்டுமே பார்க்கும். அதன் பின் வழக்கு ஆண்டுக் கணக்கில் நீளலாம் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த வழியால் தீராதவையும் உண்டு. 16 ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்கிறது. கண்டியச் சிங்களவரின் வழக்காற்றுச் சட்டமான கண்டியச் சட்டத்தில், தீக முறையில், அதாவது கணவர் வீட்டுக்கு, மணமுடித்துப் போன மகளின் சொத்துரிமை குறைவது இதனால் காப்பாற்றப்படுகிறது. இதனுடன் சேர்த்து, தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம் தங்களுக்கும் பொருந்தும் என்று மலையகத்தில் பரவலாக உள்ள தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும்: அது வட மாகாணத் தமிழருக்கு உரியது. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். அதன்படி மகளும் மகனும் சம வாரிசுகள், மனைவி தன் காணியை விற்கக் கணவரின் சம்மதக் கையொப்பம் தேவையில்லை. ‘புருஷன் கையெழுத்து எங்கே’ என்று கேட்கும் அலுவலரிடம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் தரும்படி கேட்கலாம்.

கோப்பின் மூலப் பிரதிகளைச் சட்டத்தரணியிடமும், ஒரு தொகுதிப் பிரதிகளைத் தோட்டத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவர் வீட்டிலும் வைக்க வேண்டும். பதில் கடிதங்களுக்கான முகவரியாகவும் டவுனிலுள்ள அந்த வீட்டு முகவரியையே முதற்கடிதத்திலிருந்து கொடுத்து வர வேண்டும்.