மனச்சிதைவு நோயும் தண்டுவட நீர்ப் புரதங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சிதைவு நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்) ஏதோ ஒரு புரதம் கூடியிருப்பதாக ஓர் ஆய்வு சொன்னதும், அது மூளைக்குள்ளேயே அதிகமாகச் சுரக்கிறது என்று முடிவுகட்டிவிடுவதுதான் நான் மிகுதியாகக் காணும் தவறு. அந்த நீரிலுள்ள புரதங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு இரத்தத்திலிருந்து வந்து சேர்பவை. அவற்றுள் மிகுதியான அல்புமினை மூளை உண்டாக்குவதே இல்லை, கல்லீரல்தான் உண்டாக்குகிறது. இரத்தத்திற்கும் அந்த நீருக்கும் இடையிலான தடுப்பு சற்றுத் தளர்ந்தாலோ, நீரின் ஓட்டம் மந்தப்பட்டாலோ, மூளையில் எந்த மாற்றமும் நேராமலே அளவு உயர்ந்துவிடும். ஆகவே ஒரே நேரத்தில் எடுத்த தண்டுவட நீரிலும் சீரத்திலும் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) அல்புமினை அளந்து, அவ்விரண்டின் விகிதத்தோடு ஒப்பிட்ட பிறகே மற்றப் புரதங்களைப் பற்றிப் பேச வேண்டும். அந்த விகிதமும் வயதோடு உயர்வதால், இருபது வயதினருக்கும் அறுபது வயதினருக்கும் ஒரே வரம்பை வைப்பது இன்னொரு பிழை.

நீரை எடுக்கும் முறையில் நேரும் பிழைகள் வெளியே தெரிவதில்லை. இரத்தத்திலிருந்து வரும் புரதங்களின் செறிவு மூளை அறைகளிலிருந்து, ஊசி குத்தி நீர் எடுக்கும் இடுப்பை நோக்கி வர வர உயர்கிறது. டௌ போன்ற மூளைப் புரதங்களின் செறிவோ குறைகிறது. எனவே ஒருவரிடம் முதல் சில மில்லிலிட்டரையும் மற்றொருவரிடம் கடைசி மில்லிலிட்டரையும் எடுத்து ஒப்பிட்டால், காண்கிற வேறுபாடு நோயினுடையதாக இல்லாமல் போகலாம். சீரத்தின் புரதச் செறிவு இந்த நீரினுடையதைவிட நூறு மடங்குக்கும் மேலானது என்பதால், ஊசி வழியே கலக்கும் சிறிதளவு இரத்தமும் கணக்கைக் குலைத்துவிடும்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் கவனம் தேவை. தலைவலிக்காக நீர் எடுக்கப்பட்டவர்களை நலமுள்ளவர்களாகக் கொள்வதும், மருந்து, புகைப்பழக்கம், உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டன. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்தே தொடங்காத புதிய நோயாளிகளிடம் வி.ஜி.எஃப். புரதத்தின் ஒரு துண்டு கூடியும் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம் குறைந்தும் இருந்ததைக் காட்டியது. மருந்தின் குழப்பம் அதில் இல்லை என்பதே அதன் வலு. ஆயினும் அது குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு. அழற்சியோடு தொடர்புடைய இன்டர்லூக்கின்-6 என்னும் புரதத்தின் உயர்வு பற்றிய முடிவுகளும் அத்தகையவையே. இரு குழுவினரின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒரு தனி மனிதரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மனச்சிதைவு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

இதைக் கேட்டுவிட்டு, மனநோய்க்குத் தண்டுவட நீர்ச் சோதனையே வேண்டாம் என்று ஒதுக்குவது எதிர்ப்பக்கத் தவறு. 2007இல் விவரிக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி, அதாவது உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் மூளை நரம்புச் செல்களின் ஏற்பிகளைத் தாக்கும் நோய், தொடக்கத்தில் மனச்சிதைவு போலவே தோன்றக்கூடும். வலிப்பு, காய்ச்சல், உடல் விறைப்பு, திடீரென மோசமாகும் நினைவாற்றல் ஆகியவை சேர்ந்து வந்தால் நீரை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். சில நோயாளிகளுக்கு அந்த எதிர்ப்பொருள் சீரத்தில் தென்படாமல் தண்டுவட நீரில் மட்டுமே தென்படுகிறது.