சித்திரை வெயிலும் கருத்தரிப்புக் கால நடையும்

காரைக்குடிப் பக்கம் சித்திரையில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். குழந்தைக்கு முயலும்போது எனக்குப் பிரச்சினையாக இருந்தது நடை அல்ல, உடல் சூடுதான். உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் குழந்தையின் நரம்புக்குழாய் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் பகுதி) பாதிக்கப்படலாம். அது கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். பலருக்கு அப்போதுதான் நாள் தள்ளியதே தெரியும். ஆகவே முயலும் மாதத்திலிருந்தே கவனம் வேண்டும், தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையும் வேண்டும்.

நடையை வீட்டு வளவுக்குள் மாற்றியதும் அந்தச் சூட்டுப் பிரச்சினை தீர்ந்தது. விடிகாலையில் முற்றத்தைச் சுற்றி 30 நிமிடம், வாரம் ஐந்து நாள். முடியாத நாளில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை. நடக்கும்போது பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. அதுதான் சரியான வேகம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும், துடைத்துக் காய்ந்த பிறகே நடக்கணும்.

சிக்கலில்லாத கர்ப்பத்தில் நடந்தால் கரு கலைந்துவிடும் என்று ஆச்சிமார் பயப்படத் தேவையில்லை. ஆனால் பட்டினியோடு கடுமையாகப் பயிற்சி செய்தால் கருமுட்டை வெளிவருவதே தடைபடலாம். கருமுட்டை வளர ஊசி போடுகிறவர்கள் குதிப்பதையும் உடலை முறுக்குவதையும் விட்டுவிடணும். வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொள்ளலாம்.

ரத்தப்போக்கு, மயக்கம், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் என்றால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் வலித்து, தோள்முனையும் வலித்தால் கரு கருப்பைக்குள் வராமல் சினைக்குழாயில் தங்கியிருக்கலாம்; நேரே ஆஸ்பத்திரிதான்.