நியூட்டன் காலத்தைப் பற்றி எழுதும்போது கால் இடறும் இடங்கள்

‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்ற வரி பல கட்டுரைகளில் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 இத்தாலியின் கிரிகோரியன் நாட்காட்டிக் கணக்கு, இன்று நாம் பயன்படுத்துவது. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு. அப்போது இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். இத்தாலியில் அன்று தேதி 1643 ஜனவரி 4!

போதாக்குறைக்கு இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25-இல். ராட்சதர்களின் தோள்மேல் நின்றதால்தான் தொலைவாகப் பார்க்க முடிந்தது என்று சக விஞ்ஞானி ஹூக்குக்கு நியூட்டன் எழுதிய கடிதம் பழைய கணக்கில் 1675 பிப்ரவரி 5, நமக்கு 1676. இதைக் கவனிக்காமல் 1675 என்றே எழுதினால், 1675 டிசம்பரில் ஒளி பற்றி இருவருக்கும் இடையே எழுந்த தகராறுக்குப் பத்து மாதம் முன்பே சமாதானக் கடிதம் போய்விடும்.

அடுத்து நுண்கணிதம் (கால்குலஸ்). யார் முதலில் என்று கேட்பதற்கு முன், கண்டதா அச்சிட்டதா என்று கேளுங்கள். நியூட்டன் கண்டது 1665-66 வாக்கில், ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1675-இல். அச்சில் லைப்னிட்ஸ்தான் முந்தினார், 1684-இல். நியூட்டன் தன் முறையைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டது 1704-இல். 1712-இல் லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் குழு நியூட்டனுக்குச் சாதகமாகச் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொசைட்டியின் தலைவரே நியூட்டன். அறிக்கையை எழுதியதும் பெரும்பாலும் அவர்தான்.

ஆப்பிள் தலையில் விழவில்லை. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

1676-இல் டென்மார்க் வானியலாளர் ரோமர் ‘ஒளியின் வேகத்தை இத்தனை கிலோமீட்டர் என்றார்’ என்பதும் தவறு. பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்குச் சுமார் 22 நிமிடம் ஆகும் என்பதே அவர் கணக்கு. உண்மையில் 16-17 நிமிடம்தான். அந்த நேரக் கணக்கை வேகத்தின் அளவாக மாற்றிப் பார்த்தவர் டச்சு அறிஞர் ஹைகன்ஸ்.

அப்புறம் 1687-இல் வந்த ‘பிரின்சிபியா’, இயக்க விதிகளையும் ஈர்ப்பையும் பற்றிய நியூட்டனின் நூல். முகப்புப் பக்கத்தில் ராயல் சொசைட்டியின் பெயரும் அதன் தலைவர் பெப்பீஸின் பெயரும் பெரிதாக இருக்கும். அதை நம்பி, சொசைட்டி செலவில் வந்த நூல் என்று எழுதிவிடுகிறார்கள். செலவு வானியலாளர் ஹாலியின் சொந்தப் பணம். சொசைட்டியின் காசெல்லாம் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட மீன்களைப் பற்றிய படப் புத்தகத்தில் முடங்கியிருந்தது. அங்கே வேலையிலிருந்த ஹாலிக்குச் சம்பளத்துக்குப் பதில் கொடுத்ததும் விற்காமல் கிடந்த அந்த மீன் புத்தகங்களைத்தான்.