மாணவியர் சங்கத்தின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

கோலாலம்பூரில் படித்த மாணவியர் தங்கள் சங்கத்தின் வரலாற்றை எழுத முற்படும்போது, முதலில் கூட்டக் குறிப்பேடுகளைத் தேட வேண்டும். நினைவு ஆண்டுகளை எளிதில் மாற்றிவிடும். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1962இல்தான் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமானது என்பதால், தொடக்ககால மாணவியரைப் பற்றிய ஆவணங்களைச் சிங்கப்பூரிலும் தேடுங்கள்.

சங்கம் தன்னை அந்தந்தக் காலத்தில் எப்படி அழைத்துக்கொண்டதோ அப்படியே எழுதுங்கள். அமெரிக்காவில் 1870இல் தோன்றிய காப்பா ஆல்ஃபா தீட்டா என்ற மாணவியர் சங்கம், பெண்கள் அமைப்பாக இருந்தும், ‘ஃபிராட்டர்னிட்டி’ (சகோதரர் சங்கம்) என்றே வழங்கியது. மாணவியர் சங்கத்தைக் குறிக்கும் ‘சொரோரிட்டி’ (சகோதரியர் சங்கம்) என்ற சொல் 1882இல்தான் காமா ஃபை பீட்டா என்ற இன்னொரு மாணவியர் சங்கத்துக்காக உருவானது. பின்னால் வந்த பெயரை முன்னோர்மீது ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

பெயர்ப் பட்டியலில் ‘ஏ/பி’ (மலாய் மொழியில் ‘மகள்’ என்பதன் சுருக்கம்) என்பதற்குப் பின்வரும் தந்தை பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரே வகுப்பில் மூன்று சரஸ்வதிகள் இருந்தால் அதுவே வழிகாட்டும். ஆல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். தனிப்படமெனில் பின்புறத்தையும் எடுங்கள், பென்சிலில் மங்கிய ‘இடமிருந்து வலம்’ என்ற வரி அங்கே இருக்கக்கூடும். மூத்த அக்காமார்களைச் சந்திக்கும்போது அந்தப் படத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர்களாகப் பேசத் தொடங்கும்வரை காத்திருங்கள்.