முதுகலை, பிஎச்.டி. பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அலுவலரா? எதை, எப்படிக் கற்றுக்கொள்வது

"இனிமேல் பிஎச்.டி. வேலை எல்லாம் நீங்கதான் பார்க்கணும்" என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். பயிற்சி உண்டா என்று கேட்டால் எக்செல் வகுப்புக்கு அனுப்புவார்கள். எக்செல் தேவைதான், ஆனால் வாசலில் வந்து நிற்கும் ஆய்வாளருக்கு அது பதில் சொல்லாது. அதனால் பயிற்சிப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் உங்கள் மேசையைப் பாருங்கள்.

படி 1: திணறிய கேள்விகளைக் குறித்து வையுங்கள்

இரண்டு வாரம் போதும். இன்னொருவரைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால், அதையும் யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் அவை இரண்டு மூன்று இடங்களில்தான் குவியும்: கால நீட்டிப்பு, உதவித்தொகை, நெறியாளர் (ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்) மாற்றம். உங்கள் பாடத்திட்டம் அதுதான்.

படி 2: முடிந்துபோன ஒரு ஃபைலைப் பிரித்துப் படியுங்கள்

விதிமுறைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். அதற்குப் பதிலாக, துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு, பட்டம் வாங்கிப் போன ஒருவரின் ஃபைலை எடுத்து, சேர்க்கைக் கடிதத்திலிருந்து வைவா (வாய்மொழித் தேர்வு) அறிக்கை வரை ஒவ்வொரு தாளாகப் புரட்டி, இந்தத் தாள் எந்த விதிப்படி வந்தது, யார் கையெழுத்து போட்டார், அடுத்து எங்கே போனது என்று தனித்தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

நடுவில் ஆறு மாத விடுப்புக் கடிதம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஆறு மாதம் அதிகபட்சப் படிப்புக் காலத்தில் சேருமா? உதவித்தொகை நிற்குமா, தள்ளிப்போகுமா? வெளிநாட்டு மாணவர் என்றால் விசா என்ன ஆகும்? அந்த நாட்களில் நூலகத்தைப் பயன்படுத்தலாமா? ஒரே கடிதம்தான், பதிலோ நாலு அலுவலகத்தில் இருக்கிறது. இதை விதிப்புத்தகம் மட்டும் சொல்லித் தராது.

படி 3: அந்த அலுவலகங்களுக்கு நேரில் போங்கள்

மின்னஞ்சல் வேண்டாம். சேர்க்கை, ஆய்வேடு சமர்ப்பிப்பு போன்ற நெரிசல் இல்லாத நாளில் போய், "எங்க துறையிலிருந்து வர்ற ஃபைலை எதனால திருப்பி அனுப்புறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

படி 4: பேசக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குக் காசு செலவழித்தாலும் தப்பில்லை. நெறியாளரோடு ஒத்துப்போகாத ஆய்வாளர் பல சமயம் முதலில் வருவது உங்களிடம்தான். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கேட்டுக்கொண்டு, எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை மேலே சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு, குறைதீர்க்கும் வழியைக் காட்டினால் போதும். மனமுடைந்து வருபவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு 2000-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி இப்போது பல நாடுகளில் நடக்கிறது.

தகவல் பாதுகாப்புச் சட்டமும் இதில் சேர்த்திதான். மகளின் மதிப்பெண்ணைக் கேட்டு அப்பா போன் செய்தால் சொல்லலாமா? அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டு ஃபெர்பா சட்டப்படி, உயர்கல்வியில் சேர்ந்ததும் கல்விப் பதிவு மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு வந்துவிடுகிறது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று பாருங்கள், போன் வருவதற்கு முன்னாலேயே.

படி 5: வெளியிலும் ஆட்களைத் தேடுங்கள்

1961-ல் தொடங்கிய அமெரிக்காவின் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ், பிரிட்டனில் 1994-ல் வந்த யூ.கே. கவுன்சில் ஃபார் கிராஜுவேட் எஜுகேஷன் போன்ற அமைப்புகள் முதுநிலைக் கல்விக்கென்றே இருக்கின்றன. மாநாட்டுக்குப் போக முடியாவிட்டாலும் அவர்கள் வெளியிடும் அறிக்கைகளைப் படிக்கலாம். என்னைக் கேட்டால், பக்கத்துத் துறையில் இதே வேலை பார்ப்பவரோடு மாதம் ஒருமுறை டீ குடிப்பது அதைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

படி 6: நேரத்தையும் பணத்தையும் கேட்டு வாங்குங்கள்

"பயிற்சிக்குப் போக ஆசை" என்று எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். படி 1-ல் எழுதிய நோட்டு இங்கேதான் கைகொடுக்கும். "கால நீட்டிப்பு விண்ணப்பங்கள் அடிக்கடி திரும்பி வருகின்றன. இந்தப் பயிற்சி அதைப் பற்றியது. இரண்டு நாள் வேண்டும். அந்த நாட்களில் என் வேலையை இன்னார் பார்த்துக்கொள்வார்" என்று அரைப் பக்கத்தில் எழுதி, அடுத்த ஆண்டு பட்ஜெட் போடுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள்.