டபிள்யூஐஈ சேர் போஸ்டுக்கு நிக்கப் போறீங்களா?

உங்க காலேஜ்ல ஐ-ட்ரிபிள்-ஈ (இன்ஜினியர்களோட உலக அளவிலான சங்கம்) நடத்துற விமன் இன் இன்ஜினியரிங், அதாவது டபிள்யூஐஈ குரூப்ல சேர் (தலைவர்) போஸ்டுக்கு நிக்கணும்னா மொதல்ல உங்க மெம்பர்ஷிப் உயிரோட இருக்கான்னு பாருங்க, வருஷா வருஷம் டிசம்பர் 31-ஓட முடிஞ்சிடும், நான் ரினியூ பண்ண மறந்துட்டு நாமினேஷன் அன்னிக்கு திருதிருன்னு முழிச்சேன். அப்புறம் இப்ப சேரா இருக்கற அக்காகிட்ட உக்காந்து விடூல்ஸ்ல (ஐ-ட்ரிபிள்-ஈயோட ஆன்லைன் டூல்) ஈவென்ட் ரிப்போர்ட் ஏத்தக் கத்துக்கோங்க, அந்த வேலைய யாரும் தொட மாட்டாங்க, உங்களுக்குத் தெரியும்னாலே பாதி ஓட்டு.

ஸ்பீச்சுல "பெண்கள் முன்னேறணும்"னு பொதுவா பேசாதீங்க ப்ளீஸ். "ஹாஸ்டல் பொண்ணுங்க ஆறு மணிக்குள்ள உள்ள போயாகணும், அதனால சால்டரிங் வொர்க்‌ஷாப்ப சனிக்கிழமை காலைக்கு மாத்துறேன்"னு சொல்லிப் பாருங்க, ஃபர்ஸ்ட் இயர் புள்ளைங்க நிமிந்து உக்காருவாங்க. ஆங், பசங்களும் இதுல மெம்பர் ஆகலாம், அவங்க ஓட்டையும் கேளுங்க.