ஜிம்மா, பிடித்த ஆட்டமா? முடிவெடுக்க ஒரு வழி

திருச்சியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வலி குறைந்து கிளம்பும் நாளில் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மேடம், இனிமே ஜிம்ல சேர்ந்துடவா, இல்ல சாயங்காலம் ஷட்டில் ஆடினா போதுமா?"

என் பதில் இது. வாரத்தில் உடம்பை அசைக்கிற நேரத்தில் பெரும்பகுதியை உங்களுக்குப் பிடித்ததற்கே கொடுங்கள். அந்தப் பிடித்த விஷயம் எந்தத் தசைகளைத் தொடாமல் விடுகிறதோ அவற்றுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள், அரை அரை மணி நேரம், திட்டம் போட்டுச் செய்யுங்கள். அந்த அரை மணிக்கு ஜிம்மும் ஆகும், வீடும் ஆகும். ஆளுக்குத் தகுந்தபடி இதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று சொல்கிறேன்.

உடம்புக்கு வேண்டியவை

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு தனித்தனி அளவுகள் இருக்கின்றன. ஒன்று, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. கடுமையான உழைப்பு என்றால் அதில் பாதி, 75 முதல் 150 நிமிடம். இன்னொன்று, பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலு சேர்க்கும் பயிற்சி, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள். மிதமா, கடுமையா என்று பார்க்கக் கையில் வாட்ச் எல்லாம் கட்ட வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமை.

முதல் அளவை எதைச் செய்தும் நிரப்பலாம். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, டபுள் டெக்கரின் மாடிப்படியில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. கண்டக்டர்கள் படி ஏறியது சம்பளத்துக்காக. இதயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் சிலம்பமோ, சைக்கிளோ, காவேரிக் கரை நடையோ, எது உங்களை வாரா வாரம் வெளியே இழுக்கிறதோ அது போதும்.

இரண்டாவது அளவில்தான் திட்டம் வேண்டியிருக்கிறது. தசை, பழகிய பளுவுக்கு மேல் வலுவாகாது. பளு கொஞ்சம் கொஞ்சமாக ஏறவேண்டும். 1940களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களுக்குப் படிப்படியாகப் பளுவை ஏற்றிக் காலைத் தேற்றினார். இன்றைக்கு ஜிம்மில் 'மூணு செட், பத்து பத்து' என்கிறார்களே, அது அவர் முறையிலிருந்து வளர்ந்தது. விளையாட்டு எவ்வளவு பிடித்திருந்தாலும் இந்தப் படிப்படியான ஏற்றத்தைத் தானாகக் கொடுப்பதில்லை.

பிடித்தது எது?

"எனக்கு எந்த உடற்பயிற்சியும் பிடிக்காது" என்பவர்களிடம், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடுக்கு மணி அடித்ததும் எங்கே போவீர்கள் என்று கேட்பேன். கோகோ என்பார்கள், ரிங் பால் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் இருந்து வந்த ஓர் அம்மா, "நான் எங்கம்மா ஓடினேன், மரத்தடியில உக்காந்து பேசிட்டே இருப்பேன்" என்றார். அதுவே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. அவருக்கு வேண்டியது பேச்சுத் துணை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவரோடு சாயங்காலம் சித்திரை வீதிகளைச் சுற்றி நடக்கச் சொன்னேன். இப்போது நடை முடிந்தும் பேச்சு முடியாமல் இன்னொரு சுற்று போகிறார்கள். அதே அம்மாவை ட்ரெட்மில்லில் ஏற்றிவிட்டு எதிரே சுவரைப் பார்க்கச் சொல்லியிருந்தால் இரண்டாவது வாரமே நின்றிருப்பார்.

உங்களை நீங்களே இப்படிக் கேட்டுக்கொள்ளலாம். ஆள் துணை வேண்டுமா, அந்த ஒரு மணி நேரமாவது தனியாக இருக்க வேண்டுமா? ஜெயிப்பது, தோற்பது, பாயின்ட் எண்ணுவது இதெல்லாம் உற்சாகம் தருகிறதா, எரிச்சலூட்டுகிறதா? காலையில் எழ முடியுமா, இல்லை மாலைதானா? இந்தப் பதில்களை வைத்தே பாதி முடிவாகிவிடும். வீட்டில் சத்தமும் வேலையும் ஓயாத பெண்களுக்குத் தனியாக நீந்துவது பெரிய நிம்மதி. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் வாய் திறக்காமல் இருக்கும் பையன்களுக்கு நாலு பேர் கத்துகிற கோர்ட்தான் சரி.

அப்புறம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி இருக்கும், இருந்தாலும் வேண்டாம். அமெரிக்காவில் மூன்று ஹெல்த் கிளப்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 முறைதான் வந்திருக்கிறார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அங்கேயே பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான். நிறைய வருவோம் என்று நம்பித்தான் அவர்கள் கட்டினார்கள். பணம் கட்டிவிட்டால் போய்விடுவோம் என்ற நம்பிக்கை நம் ஊரிலும் ஜனவரியில் எத்தனையோ பேரிடம் பார்க்கிறேன்.

விளையாட்டுப் பக்கம் சாய்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். கோபன்ஹேகனில் 8,500 பேருக்கு மேல் 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. உட்கார்ந்தே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் 9.7 ஆண்டும், பேட்மிண்டன் ஆடியவர்களின் ஆயுள் 6.2 ஆண்டும் கூடுதலாகத் தெரிந்தது. ஹெல்த் கிளப் பயிற்சியில் 1.5 ஆண்டு. இதைக் காட்டி ஜிம்மை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டென்னிஸ் ஆட வசதியும் நேரமும் இருப்பவர்கள் வேறு வகையிலும் நன்றாக வாழ்ந்திருக்கலாம், அதை முழுதாகக் கழித்துப் பார்ப்பது கடினம். ஆனால் எதிரில் ஒரு ஆள் காத்திருக்கிற பயிற்சியை மனிதர்கள் எளிதில் விடுவதில்லை என்பதை என் கிளினிக்கிலும் பார்க்கிறேன்.

உங்களுக்குப் பிடித்தது எதை விட்டுவிடுகிறது?

ஜிம்மா, ஆட்டமா என்று யோசிக்கும்போது பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இடம்தான்.

நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் கை, தோள், முதுகு எதற்கும் வேலை இல்லை, தொடைக்கும் பெரிய பளு கிடையாது. பல வருடம் விடாமல் நடந்த பெரியவர்கள்கூடத் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14க்குக் குறைவு, பெண்களுக்கு 12க்குக் குறைவு என்றால் சராசரிக்குக் கீழே. 45 வயதிலேயே அந்த எண்ணில் திணறினால், தினம் எவ்வளவு நடந்தாலும் தொடைக்குத் தனியாக வேலை கொடுத்தே ஆகவேண்டும்.

நீச்சலும் சைக்கிளும் மூட்டுக்கு இதமானவை. அதனாலேயே எலும்புக்குத் தேவையான அழுத்தம் அவற்றில் கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்கள் நீச்சல் மட்டும் போதும் என்று இருக்கக் கூடாது.

ஷட்டில் ஆடுபவர்களுக்குக் குதிகால் தசைநார்தான் என் கவலை. நாற்பது வயதுக்காரர், ஆறு நாள் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை வார்ம்-அப் இல்லாமல் நேராக கோர்ட்டில் இறங்குவார். பின்னால் போகும் பந்துக்கு ஒரு எட்டு வைத்து உந்துவார். 'பட்' என்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்ப்பார், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். தசைநார் அறுந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இதையே சொல்கிறார்கள். ஆட்டத்தை விடச் சொல்லி இவர்களிடம் நான் கேட்பதில்லை. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை உயர்த்தி, மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். 15 முறை, மூன்று செட். எளிதாகிவிட்டால் ஒற்றைக் காலில். எளிதென்று தோன்றினாலும் இறக்கும்போது அவசரப்படாதீர்கள், பலன் அங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே வலி இருந்தால் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்கு அரைமண்டியால் தொடை நன்றாக இருக்கும், முதுகுக்கும் பின்தொடைக்கும் சேர்த்துச் செய்தால் போதும்.

அந்த அரை மணி நேரம்

ஐந்து அசைவுகள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி பஸ்கி. சுவரில் தொடங்கி, மேஜை விளிம்பு, பிறகு தரை என்று இறங்கும் தண்டால். இடுப்பை மடக்கி, முதுகை நேராக வைத்து, தரையில் இருக்கும் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி நிமிர்வது. அதே பையை ஒரு கையால் விலாப் பக்கம் இழுப்பது, மறு கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு. கடைசியாக, மேலே சொன்ன குதிகால் பயிற்சி. அது அதே 15 முறை, மூன்று செட். மற்ற நான்கும் ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு அல்லது மூன்று செட். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்கவேண்டும், ஆனால் உடம்பு கோணக் கூடாது.

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எல்லாச் செட்டிலும் 12 வந்துவிட்டால் பளுவைக் கூட்டுங்கள். பையில் இன்னும் ஒரு கிலோ போடுங்கள், மேஜையில் செய்த தண்டாலைக் கட்டில் உயரத்துக்கு இறக்குங்கள். வீட்டில் பையை வைத்து இதற்கு மேல் ஏற்ற முடியவில்லை என்ற நிலை வரும். ஜிம்முக்குப் போக அது நல்ல காரணம்.

எப்போது ஜிம்மே முதலில்?

சிலருக்கு எண்கள்தான் சந்தோஷம். போன மாதம் 40 கிலோ ஸ்குவாட், இந்த மாதம் 45 என்று முகம் மலர்ந்து சொல்பவரிடம் ஷட்டில் ஆடு என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? அவருக்குப் பிடித்தது ஜிம். வாரத்தில் 150 நிமிடம் மிதமான உழைப்பு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

முழங்கால் லிகமென்ட் அறுவை செய்துகொண்டவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், தடுமாறி விழுந்த முதியவர்கள், இவர்களுக்குத் திட்டம்தான் முதலில், விளையாட்டு அப்புறம். 65 தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் வலுப் பயிற்சியும் கலந்து வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் நடையோடு தசைப் பயிற்சியும் சேர்த்துச் செய்வது நல்லது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ஜிம்மைப் பார்க்கப் போனால், நீங்கள் நிஜமாகப் போகப்போகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். மத்தியானம் காலியாக இருக்கும் இடத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் நிற்பார்கள். ஒன்று, இரண்டு கிலோ டம்பெல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே புதியவர்களையோ வயதானவர்களையோ மனதில் வைத்து எதுவும் வாங்கவில்லை என்று அர்த்தம். ட்ரெய்னர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பிரஷர், சர்க்கரை, பழைய அடி, முழங்கால் வலி இவற்றைக் கேட்பவரிடம் சேரலாம். எதுவும் கேட்காமல் புரோட்டீன் பவுடர் டப்பாவைக் காட்டுபவரிடம் வேண்டாம். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே உள்ள ஜிம்மே மேல். ஏசியும் பெரிய கண்ணாடியும் இருக்கிறதென்று ஊருக்கு மறுகோடிக்குப் போகாதீர்கள்.

எந்தப் பக்கம் போனாலும் வலிக்கு ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மூட்டு வீங்கினாலோ, இரவில் வலியால் தூக்கம் கலைந்தாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஆறு வாரம் கழித்து அந்த நாற்காலிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எண் கூடியிருந்தால் இப்போதைய பங்கீடு சரி, அப்படியே போகலாம். கூடவில்லை என்றால் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பளு ஏறாமல் அதே இடத்தில் நிற்கிறதா, அல்லது அந்த இரண்டு நாளே நடக்கவில்லையா என்று தெரிந்துவிடும். பளு நின்றிருந்தால் ஒரு மாதம் ஜிம்மில் சேர்ந்து ட்ரெய்னரிடம் பழகுங்கள். நாள் நழுவியிருந்தால் அரை மணியைப் பதினைந்து நிமிடமாக்கி, ஷட்டிலுக்குக் கிளம்பும் முன்போ நடை முடிந்து வந்ததுமோ சேர்த்துவிடுங்கள்.